பீப் சத்தம் வராத சுங்கச்சாலையில் நான் கார் ஓட்டிய கதை

2007 டிசம்பரில் டாஸ்மேனியா போனோம். முப்பது வருடமாக எங்கள் குடும்பத்தில் ஸ்டியரிங் என் கணவருடையது, வரைபடம் என்னுடையது. அந்த வருடம் அவருக்கு இதயத்தில் பைபாஸ் நடந்தது. நீண்ட தூரம் ஓட்டவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சிங்கப்பூரில் தேக்கா மார்க்கெட்டுக்குத் தவிர வேறெங்கும் ஓட்டியறியாத நான், "நான் ஓட்டுறேன்" என்றேன். அவர் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. இது சொதப்பினால் இனி கார்ப் பயணம் கிடையாது, டூர் பஸ்தான். எனக்கு டூர் பஸ் என்றாலே ஆகாது.

திட்டம் எளிமையானது. சிட்னியில் வாடகைக் கார் எடுத்து மெல்பேர்ன் போய், அங்கிருந்து டாஸ்மேனியாத் தீவுக்குப் போகும் இரவு எட்டு மணிக் கப்பலில் காரோடு ஏற வேண்டும். ஏழே காலுக்கு வாகன வாயிலை மூடிவிடுவார்கள்.

சிட்னியில் பென்டில் ஹில்லில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தோழி வதனி வீட்டில் தங்கினோம். இட்லியோடு அறிவுரையும் பரிமாறினாள். "அக்கா, மெல்பேர்ன் சுங்க றோட்டில காசு வாங்க ஆக்களே இல்லை. கமரா நம்பர் பிளேட்டைப் படமெடுக்கும். போன் பண்ணி ஒரு நாள் பாஸ் வாங்கினால் சரி."

"நாங்க ஈ.ஆர்.பி. ஊர்க்காரங்கம்மா, எங்களுக்கா?" என்று சிரித்தார் என் கணவர். சிங்கப்பூர்க்காரருக்கு இதில் ஒரு தலைக்கனம் உண்டு. ஈ.ஆர்.பி. என்பது எங்கள் ஊர் மின்னணுச் சாலைக் கட்டணம். நெரிசல் நேரத்தில் நகருக்குள் நுழைந்தால் சாலைக்கு மேலுள்ள வளைவு காசைக் கழித்துக்கொள்ளும், காருக்குள் 'பீப்' என்று கேட்கும். நேரம் முடிந்தால் இலவசம். அதனால் கடைசி நிமிடங்களில் வளைவுக்கு முன்னால் ஆமை வேகத்தில் ஊர்ந்து ஒரு சிங்கப்பூர் வெள்ளியை மிச்சம் பிடிப்பது எங்கள் தேசிய விளையாட்டு.

முதல் நாள் ஆல்பரி வரை ஏறக்குறைய 550 கிலோமீட்டர். ஹியூம் நெடுஞ்சாலை அகலமானது, பயமில்லை. அவர்தான் பிரேக்கே இல்லாத பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுதும் பிரேக் மிதித்துக்கொண்டு வந்தார். மறுநாள் மெல்பேர்னுக்கு இன்னும் 325. வழியில் அவருக்கு அடிக்கடி ஓய்வு தேவைப்பட்டது. நகரின் வடக்கு ஓரத்தைத் தொடும்போது மாலை ஐந்தே முக்கால். சுங்கச்சாலையின் நீலமும் மஞ்சளுமான பலகை தெரிந்ததும் குரல் கொடுத்தார்.

"இந்த எக்சிட்ல இறங்கு! ஏழு மணிக்கு பீக் முடிஞ்சிடும். அப்புறம் ஃப்ரீயா போலாம். துறைமுகம் பதினஞ்சு நிமிஷம்தான்."

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். நானும் புத்தி கெட்டுப்போய் இறங்கினேன். பெட்ரோல் நிலையத்தில் காரை நிறுத்திவிட்டு இருவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அரை மணி நேரம் ஓடியது. எதிரே சாலையில் கார்கள் குறையவில்லை, கூடின. ஒருவர்கூட ஊரவும் இல்லை, காத்திருக்கவும் இல்லை. வதனியைக் கைப்பேசியில் கூப்பிட்டேன்.

"ஐயோ அக்கா! அங்க நேரகாலம் ஒண்டும் இல்லை. இருபத்திநாலு மணித்தியாலமும் காசுதான். பாஸைப் போன பிறகும் வாங்கலாம் அக்கா. முதல் காரை எடுங்கோ!"

சாவியைத் திருப்பினேன்.

"பாஸ் இல்லாம போனா ஃபைன் வரும், சாந்தி."

"வரட்டும். கப்பல் போயிட்டா திரும்பி வராது. பெல்ட்டைப் போடுங்க."

அவரிடம் அந்தக் குரலில் நான் பேசியதே இல்லை. முதல் வளைவு தலைக்கு மேல் கடந்தது. கார் மௌனமாக இருந்தது.

"பீப் வரலையே!"

"வராதுங்க."

இரண்டாவது வளைவிலும் அதே கேள்வி. நான் பக்கத்து லாரியை முந்திக்கொண்டிருந்தேன். உயரமான பாலத்தில் ஏறியதும் துறைமுகமும் கடலும் மாலை வெயிலில் பளபளத்தன. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினேன். பயந்துபோய்க் கதவுப் பிடியைப் பற்றியவர், பிறகு சிரித்துவிட்டார்.

ஆறு ஐம்பதுக்கு வாகன வரிசையில் நின்றோம். அங்கிருந்தே போன் செய்து, கார் எண்ணைச் சொல்லி, பதினொரு டாலர் சொச்சத்துக்கு ஒரு நாள் பாஸ் வாங்கினேன். அபராதம் இன்றுவரை வரவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கார் எடுக்கும்போதே சுங்கத்துக்கு என்ன ஏற்பாடு என்று வாடகை நிறுவனத்திடம் கேளுங்கள். கார் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கையோடு வைத்திருங்கள். பாஸ் வாங்க எவ்வளவு அவகாசம் என்பதை முன்பே விசாரியுங்கள், அது மாறக்கூடும். பழம், காய்கறிகளைக் கப்பலுக்கு முன்பே தின்று தீர்த்துவிடுங்கள், தீவுக்குள் விடமாட்டார்கள். முக்கியமாக, ஊரோடு ஒத்து வாழ். நம் ஊர்ச் சட்டத்தை மூட்டை கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

டாஸ்மேனியாவில் ஒன்பது நாள் நானே ஓட்டினேன். சிங்கப்பூர் திரும்பியபோது சாங்கி விமான நிலையத்துக்கு எங்கள் காரை எடுத்துக்கொண்டு வந்திருந்தான் மகன். பெட்டிகளை ஏற்றிவிட்டு அவன் ஓட்டுநர் கதவைத் திறக்கப் போனபோது, என் கணவர் பின்னிருக்கையில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

"சாவியை அம்மாகிட்ட குடுடா."