எண்பத்தொன்பது வரைக்கும்

பெரிய பகா எண் ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்களாம். இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றைக் கழித்தால் வரும் எண். எழுதினால் கோடிக்கணக்கான இலக்கங்கள். தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய் அணைத்துவிட்டேன்.

நான் சிறுமியாக இருந்தபோது ஒரு நாள், தூத்துக்குடியில் விடிந்ததிலிருந்தே பேய்க்காற்று. அப்பாவின் படகு முந்தின நாளே கரைக்கு வந்திருக்க வேண்டும். அம்மா ஜெபமாலையோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். அழுதுகொண்டிருந்த என் மடியில், கல்லூரியில் கணக்குப் படித்த பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா சிலேட்டை வைத்தாள்.

"இங்கன பாருளா. பதிமூணு ரெண்டைப் பெருக்கி ஒண்ணைக் கழிச்சா எட்டாயிரத்து நூத்தித் தொண்ணூத்தொண்ணு. இது எதாலயாவது மீதியில்லாம வகுபடுதான்னு பாரு. தொண்ணூத்தொண்ணைத் தொண்ணூத்தொண்ணால பெருக்குனாலே இதைத் தாண்டிரும், அதனால எண்பத்தொன்பது வரைக்கும் பாத்தாப் போதும்."

உப்புக்காற்றில் சிலேட்டு பிசுபிசுத்தது. மூன்றால் வகுத்தேன், ஏழால் வகுத்தேன், மீதி வந்துகொண்டே இருந்தது. எண்பதைத் தாண்டியதும் வேண்டுமென்றே மெதுவாக வகுத்தேன். முடித்துவிட்டால் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது. எண்பத்தொன்பதுக்கும் மூன்று மீதி.

"வகுபடலக்கா."

அம்மா திரும்பிப் பார்த்தாள். "ஏளா ரோசு, பிள்ளைக்கு இன்னும் பெரிய நம்பரா குடு."

அக்கா ஆறு இலக்க எண் ஒன்றை எழுதித் தந்தாள். நான் அதை வகுக்கத் தொடங்கியபோது, படகுக்காரர்கள் பங்குச் சாமியாரையும் கூட்டிக்கொண்டு தெருவுக்குள் வந்தார்கள். அப்பா போய்விட்டார் என்று அவர்கள் சொல்வதற்கு முன்பே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"நீ எந்திரிக்காதளா, கணக்கைப் போடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவர்களை நோக்கி நடந்தாள்.