மாமாவின் எலும்பும் அக்காவின் பாத்திரங்களும்

என் அக்காவின் கணவர் பஸ் டிரைவர். டிப்போவில் அவருக்கு ‘ஹார்ன்’ என்று பட்டப்பெயர். அவர் தும்மினால் கடைசி சீட்டில் தூங்குகிற ஆள்கூட ஸ்டாப் வந்துவிட்டதென்று பதறி எழுந்து நிற்பார். சிறுநீரகம் கைவிட்டபோதும் அவர் வாய் ஓயவில்லை. “ரெண்டு இன்ஜினும் ஒண்ணா மக்கர் பண்ணிடுச்சு மாப்ள” என்றார் என்னிடம். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, டிப்போ வாசலில் வண்டிகளை நேரத்துக்கு அனுப்பும் வேலைக்கு மாறினார். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ்.

சில வருஷம் அப்படியே ஓடியது. பிறகு இடுப்பு வலி என்றார். படி ஏறினால் தொடை நடுங்கியது. ஒருநாள் காலையில் தும்மினார். விலா எலும்பு முறிந்துவிட்டது.

டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. இடுப்பெலும்பிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“எலும்புல அலுமினியம் படிஞ்சிருக்கு. கிட்னி நல்லா இருந்தா வெளியே தள்ளிடும். உங்களுக்குப் போக வழியில்ல, எலும்புலயே தங்கிடுச்சு. அது இருக்கிற இடத்துல கால்சியத்தைச் சேர விடாது.”

மாமா அக்காவைக் காட்டினார். “தினமும் என்னைத் தேய் தேய்னு தேய்ச்சா டாக்டர். கடைசில பாத்திரமாவே ஆயிட்டேன்.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “இங்க டயாலிசிஸ் தண்ணியைச் சோதிச்சாச்சு, சுத்தமா இருக்கு. நீங்களா ஏதாவது மருந்து வாங்கிச் சாப்பிடுறீங்களா?”

“சேச்சே” என்றார் மாமா, மின்விசிறியைப் பார்த்தபடி.

அக்கா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஓரமாக விடாமல் சமையலறைக்குள் போனாள். அலுமினியச் சட்டி, மூடி, கரண்டி, கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த பெரிய பானை, எல்லாவற்றையும் சாக்கில் அள்ளினாள். பாதியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “என் கையாலயே ஆக்கிப் போட்டு இந்த மனுஷனைச் சாய்ச்சுட்டேனே” என்று அழுதாள்.

மாமா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை.

“மாப்ள, கட்டிலுக்கு அடியில என் டூல்பாக்ஸ் இருக்கு. எடுத்துட்டு வா.”

திறந்தேன். ஸ்பேனர்களுக்கு அடியில் நெஞ்செரிச்சல் சிரப் பாட்டில்கள். காலியும் பாதியுமாகக் கிடந்தன.

“நெஞ்செரிச்சல் வந்தா நாலு மடக்கு. வராட்டாலும் ரெண்டு மடக்கு, நல்லா ஜில்லுனு இருக்கும்” என்றார் மாமா அக்காவிடம். “உனக்குத் தெரிஞ்சா குழம்புல காரத்தை நிறுத்திடுவியேன்னு சொல்லல. வருஷக்கணக்கா நடக்குது.”

அக்கா ஒரு பாட்டிலை வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, லேபிளைப் படித்தாள். முதல் வரியிலேயே அலுமினியம்.

“இதுக்கா நான் பாத்திரத்தையெல்லாம் மூட்டை கட்டினேன்?”

எழுந்து வந்து அவர் தோளில் அடிக்கக் கை ஓங்கினாள். எங்கே இந்த எலும்பும் முறிந்துவிடுமோ என்று பயந்து, பாதியில் கையை இறக்கித் தோளைத் தடவிக் கொடுத்தாள். அப்புறம்தான் திட்டினாள். தெருமுனை வரை கேட்டிருக்கும்.

மறுநாள் மாமாவே டாக்டரம்மாவிடம் பாட்டிலைக் கொடுத்து ஒப்புக்கொண்டார். பாத்திரத்தைவிட இதுதான் பெரிய காரணம் என்றார் டாக்டரம்மா. ஆனாலும் புளிப்பை மட்டும் அலுமினியத்தில் சமைக்க வேண்டாம் என்றார். சிரப் நின்றது. படிந்ததை வெளியே இழுக்கும் மருந்தை டயாலிசிஸோடு சேர்த்துச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். மாதங்கள் பிடித்தன. வலி மெல்ல விட்டது. மாமா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார்.

இப்போது டயாலிசிஸ் வார்டுக்குப் புதிதாக யார் வந்தாலும், “வீட்டுல சிரப் ஏதாச்சும் ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?” என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார். அவர் சொல்லும் கதையில் அக்கா பெரிய பானையைத் தூக்கிக்கொண்டு அவரைத் தெருவெல்லாம் துரத்துகிறாள். அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்; ஒருமுறைகூட மறுத்ததில்லை.