சுமதிக்கு எடுத்துக்காட்டான என் பாம்பு

இன்றைக்குத் திருப்பதி பஸ்ஸில் பக்கத்து வீட்டு மருமகள் சுமதியும் வந்தாள். குழந்தை பிறந்து நாலு வருஷம் வீட்டோடு இருந்தவளுக்கு, இப்போது மறுபடியும் கம்ப்யூட்டர் வேலைக்கு இன்டர்வியூ. முகமே வெளுத்துப் போயிருந்தது.

"என்னம்மா பயம்?"

"ஃபங்ஷனல் புரோகிராமிங் கேப்பாங்க மாமா. அதுல மோனோடோனிசிட்டின்னு ஒண்ணு. அர்த்தம் தெரியும், எடுத்துக்காட்டு கேட்டா வாய் அடைச்சுக்கும்."

எனக்குத் தெரியாததா? சித்தூர் ஜில்லாவுக்கே கம்ப்யூட்டர் வந்தபோது முதலில் தொட்டதே நான்தான். இருந்தாலும் அவளே சொல்லட்டும் என்று விட்டேன்.

"ஃபங்ஷன்னா ஒரு எண்ணை உள்ள போட்டா இன்னொண்ணை வெளிய தர்ற மெஷின் மாதிரி. உள்ள போறது கூடிக்கினே போனா, வெளிய வர்றதும் கூடணும், இல்லன்னா அப்படியே நிக்கணும். குறையவே கூடாது மாமா."

அவளுக்குத் தைரியம் வரட்டும் என்று, எங்கள் கடலைக் கொல்லையில் நான் வெறுங்கையால் பிடித்த பாம்பின் கதையை எடுத்துவிட்டேன். புதிதாக ஏறுகிறவர்களும் கேட்க வேண்டாமா? ஒவ்வொரு ஊரிலும் முதலிலிருந்து சொன்னேன்.

ரேணிகுண்டாவில் சுமதி சிரித்துவிட்டாள்.

"மாமா, புத்தூர்ல பாம்பு ஆறடி. வடமாலப்பேட்டையில எட்டடி. இப்போ பன்னெண்டு. ஊர் தாண்டத் தாண்ட நீளுதே தவிர, ஒரு எடத்துலகூட குறையல. எனக்கு எடுத்துக்காட்டு கெடச்சிடுச்சு."

மத்தியானம் போன் பண்ணினாள். அந்தக் கேள்வியே வந்ததாம். பாம்பைச் சொன்னாளாம், கேட்டவர்கள் சிரித்தே விட்டார்களாம். நாளைக்கு அடுத்த ரவுண்டு.

அதில் ரிகர்ஷன் கேட்பார்களாம். ஒரு ஃபங்ஷன் தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்வதாம். நம் கைவசம் உள்ளதில் அதற்கு எந்தக் கதை பொருந்தும்? என் கதைகளை ஏற்கெனவே கேட்டவர்கள் சொல்லுங்கள்.