சுவிட்சைக் கழற்றிய பிறகு

என் கணவருக்கு நாற்பத்து மூன்று வயதில் பக்கவாதம் வந்தது. இருபது வருடமாகத் திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் எலக்ட்ரிக் கிடார் வாசித்தவர். கால் இரண்டு மாதத்தில் தேறிவிட்டது. வலது கை பாதிதான் திரும்பி வந்தது. கம்பியை மீட்டும் பிக்கைப் பிடிக்க முடிந்தது. ஆனால் கை சொன்ன இடத்தில் நிற்காது.

அவருடைய கிடாரில் கம்பிகளுக்கு அடியில், அவற்றின் அதிர்வை வாங்கிச் சத்தமாக்கும் மூன்று பிக்கப் உண்டு. எதிலிருந்து சத்தம் வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்க, வாசிக்கும் கைக்குக் கீழேயே ஒரு சுவிட்ச். முன்பெல்லாம் பாட்டின் நடுவே சுண்டுவிரலால் அதைத் தட்டுவார். தட்டியது கண்ணுக்கே தெரியாது. இப்போது கை தானாகப் போய் அதில் இடித்தது. குழைவாக வந்துகொண்டிருந்த சத்தம் திடீரென்று தகரம் மாதிரிக் கீச்சிடும். கிடாரை இறக்கிவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்.

நான் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். ஒயர் பற்றவைக்கும் சால்டரிங் எனக்குத் தினசரி வேலை. முதலில் சுவிட்சின் பிளாஸ்டிக் தொப்பியை மட்டும் கழற்றிப் பார்த்தேன். நீட்டிக்கொண்டிருந்த தகடு அவர் கையைக் கிழித்துவிட்டது. வெள்ளைக் கிடாரில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அந்த இடத்தில் உணர்ச்சி இல்லை.

"சுவிட்சே வேணாம், எடுத்துடு" என்றார்.

"அப்புறம் ஒரே சவுண்டுதாங்க வரும்."

"ஒண்ணு ஒழுங்கா வந்தா போதும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறையூர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கம்பிகளைத் தளர்த்தி, மேல் தகட்டைத் திறந்தேன். அவர் இடது கையால் டார்ச் அடித்துக் காட்டினார். சுவிட்சுக்குப் போகும் ஒயர்களை எடுத்துவிட்டு, கிடாரின் கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பை மட்டும் நேராக வால்யூம் திருகில் பற்றவைத்தேன். சுவிட்ச் இருந்த ஓட்டையில் கருப்பு டேப் ஒட்டினேன். அன்று ஒரு பாட்டை முழுசாக வாசித்தார். மெதுவாகத்தான்.

குழுத் தலைவர் கேள்விப்பட்டு போன் செய்தார். "ஸ்ரீரங்கத்துல ஒரு அறுபதாம் கல்யாணம். மதியம்தான். வாங்கண்ணே, பாத்துக்கலாம்."

லீவு போட்டுவிட்டு நானும் போனேன். மாத்திரைப் பையோடு மண்டபத்தின் பின்னால், ஸ்பீக்கருக்குப் போகும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் மேஜை அருகில் நின்றேன். முதல் பாட்டை அவர் சமாளித்துவிட்டார். இரண்டாவதில் தாளத்துக்குப் பின்னால் விழ ஆரம்பித்தார். டிரம்ஸ் வாசிப்பவர் திரும்பிப் பார்த்தார். தலைவர் மிக்ஸர்காரருக்குக் கண்ணால் ஒரு ஜாடை காட்டினார்.

மிக்ஸர்காரர் என்னைப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா" என்று சொல்லிவிட்டு, கிடாரின் சத்தத்தை அடியோடு இறக்கிவிட்டார்.

மேடையில் என் கணவர் காலடியிலேயே அவருடைய சின்ன ஆம்ப் பெட்டி இருந்தது. அதில் அவர் வாசிப்பது அவருக்கு மட்டும் கேட்டது. இன்னும் ஐந்து பாட்டு வாசித்தார். வியர்வை காதோரம் வழிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் முகம் மலர்ந்திருந்தது. "ஒரு தடவகூட சவுண்டு மாறல, பாத்தியா? கீழ எப்படிக் கேட்டுச்சு?"

"நல்லா கேட்டுச்சுங்க."

பத்து நாள் கழித்து யாரோ அந்த வீடியோவைக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். நான் கடையிலிருந்து வந்தபோது போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் அவர் கை அசைந்துகொண்டிருந்தது. பாடகர் குரல், கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் கேட்டது. கிடார் இல்லை.

"நீ மிக்ஸர் பக்கத்துலதானே நின்ன?"

"ஆமாங்க."

"நல்லா கேட்டுச்சுன்னு சொன்னியே."

திட்டியிருந்தால் தேவலை. போனை அணைத்து என் பக்கம் நகர்த்தினார். "நீயாவது சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் செய்துவந்த கைப் பயிற்சிக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். நான் வற்புறுத்தவில்லை. எந்த முகத்தோடு வற்புறுத்துவது?

தலைவர் மறுபடி ஒருமுறை கூப்பிட்டார். என் கணவர் போனை எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"இனிமே வர மாட்டாருங்க" என்றேன்.

எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் பேசி முடித்ததும் போனுக்காகக் கையை நீட்டினார்.