காசிராஜன் ஆசாரியின் மூக்கு

காசிராஜன் ஆசாரிக்கு வாய்த்த மூக்கு ஜில்லாவில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை என்று சங்கரன்கோவிலே நம்பியது. நம்பியதில் பாதி சரி. மூக்கு பெரிதாகத்தான் இருந்தது. அதற்கு வாசனை மட்டும் தெரியாது.

யுத்தம் தொடங்கின வருஷம் விஷக்காய்ச்சலில் இருபத்தோரு நாள் கிடந்தார். எழுந்து உட்கார்ந்ததும் மனைவி சங்கரம்மாள் ரசம் கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏட்டி, வெந்நீர்ல எதுக்கு மிளகைத் தட்டிப் போட்ருக்கே?" என்று கேட்டார். அன்றைக்குத் தெரிந்துபோனது.

கதவும் ஜன்னலும் செய்கிற ஆசாரியாக இருந்தால் கவலையே இல்லை. தேக்குக்கு எதற்கு மூக்கு? இவர் சந்தன வேலைக்காரர். சீப்பு, விசிறிக் காம்பு, ஜெபமாலை மணி, நகைப்பெட்டி எல்லாம் சந்தனத்தில் இழைத்துப் பேர் வாங்கியவர். மூக்கு செத்த ஆளிடம் சந்தனக் கட்டையை நம்பிக் கொடுக்க எவன் வருவான்? ஆகவே புருஷனும் பெண்டாட்டியும் வாயைத் திறக்கவில்லை.

யாராவது கட்டை கொண்டுவந்தால் ஆசாரி அதை மூக்கருகே பிடித்து, கண்ணை மூடி, வயிறு முதுகோடு ஒட்டுகிற அளவுக்கு மூச்சை இழுப்பார். இழுக்கிற நேரத்தில் கை தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். கட்டை கனக்கிறதா, இழை நெருக்கமா, வெளியே உள்ள வெள்ளை எவ்வளவு, உள்ளே இறுகிய வைரம் எவ்வளவு என்று விரல் சொல்லிவிடும். இருந்தாலும் மனசு கேட்காது. கதவுக்குப் பின்னால் நிற்கிற சங்கரம்மாள் ஒரு தடவை இருமினால் நல்ல வாசம், இரண்டு தடவை இருமினால் சரியில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளுக்கு நெஞ்சுச்சளி என்று தூதுவளை பறித்துக் கொடுத்தார்கள். பாவம், அதையும் அவள் அரைத்துத் தின்றாள்.

ஊர் சும்மா இருக்குமா? சந்தனத்தை மோந்து சொல்லுகிற மூக்கு நெய்யை மோந்து சொல்லாதா என்று தூக்குவாளியோடு வர ஆரம்பித்தார்கள். பின்னாலே பெருங்காயம், காப்பிப்பொடி எல்லாம் வந்தன. ஒருநாள் சங்கரம்மாள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஒருவர் நெய்யோடு வந்து நின்றார். ஆசாரி வாளிக்குள் மூக்கை விட்டு மோந்துவிட்டு, "நாளைக்குச் சொல்லுதேன்" என்றார்.

"நெய்க்கு எதுக்கு வே நாள்?"

"நல்ல நெய்யின்னா நாளைக்கும் இப்படியே இருக்கும்லா."

வந்தவர் இதைப் பெரிய ஞானமாக எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சொன்னார். இப்படியே பதினோரு வருஷம் ஓடியது.

ஐம்பதாம் வருஷம் ஜவுளிக்கடை பெத்துராஜ் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பட்டுச் சேலையும் வேதப்புத்தகமும் வைத்துக் கொடுக்கச் சந்தனப் பெட்டி வேண்டும் என்றார். சந்தனத்தில் பூச்சி அண்டாது, பட்டுக்கும் காகிதத்துக்கும் அதைவிடப் பத்திரம் வேறில்லை. மலைப்பக்கத்து ஆள் ஒருவன் கடைக்கே வந்து கட்டையை விற்றுவிட்டுப் போயிருந்தான். பெத்துராஜ் அதை வில்வண்டியில் ஏற்றி, மனைவி ஞானபூரணத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

வண்டி தெருமுனை திரும்பும் முன்னேயே சங்கரம்மாள் இருமினாள். சற்று நேரத்தில் இன்னொரு தடவை இருமினாள். ஆசாரி குழம்பிப்போய் உள்ளே வந்தார்.

"ஏட்டி, ஒண்ணா ரெண்டா?"

"ஒண்ணுதாங்க. சந்தோசத்துல இன்னொண்ணு வந்துட்டு. தெருவே மணக்கு!"

"தெருவேயா?"

ஆசாரிக்குத் திக்கென்றது. அறுக்காத சந்தனக் கட்டையின் வாசம் வண்டிக்கு முன்னால் நடந்து வராது. அதன் வெளி வெள்ளையில் வாசமே கிடையாது. வைரத்தைச் சீவினால், உரசினால்தான் மணக்கும். வாசலுக்கு வந்தால், இரண்டடிக் கட்டையை ஞானபூரணம் ஒற்றைக் கையில் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தாள். அவளோ ஒரு குடம் தண்ணீருக்கே இரண்டு தடவை இறக்கி வைப்பவள். நயமான சந்தனம் அவளுக்கு அவ்வளவு சுலபமாக இடம் கொடுக்காது.

ஓரத்தில் உளியை வைத்துத் தள்ளினார். சந்தனம் என்றால் ஆறின மெழுகில் போகிறாற்போல உளி போகும், சீவின இடம் பளபளக்கும். இது நாரும் நூலுமாக எழும்பியது.

"அண்ணாச்சி, இது சந்தனம் இல்லை."

பெத்துராஜ் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, எதிர்வரிசை அத்தர் கடை மைதீனைக் கூப்பிட்டார். மைதீன் குனிந்து ஒரே இழுப்பு. "நயம் சந்தனம் அண்ணாச்சி. அத்தர் விக்கவன் சொல்லுதேன்." தெருவில் போனவர்கள் எல்லாரும் வந்து மோந்தார்கள். மோந்தவர்கள் அத்தனை பேரும் மைதீன் கட்சி.

"இப்ப நீரு மோந்து சொல்லும் வே" என்று பெத்துராஜ் கட்டையை ஆசாரியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

ஆசாரி கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணை மூடி இழுத்து, சரி என்று தலையாட்டினால் போதும். பெட்டி கல்யாணத்தன்று கமகமக்கும், பேரும் பிழைக்கும். ஆனால் பூசின வாசம் எத்தனை மாசத்துக்கு? அந்தப் பெண்ணுக்கு நடைவண்டி செய்து கொடுத்தவரே அவர்தான். புகுந்த வீட்டில் மாமியார் முன்னால் அவள் பெட்டியைத் திறக்க, பட்டில் பூச்சி அரித்த மரத்தூள் உதிர்ந்து கிடக்கிறதை நினைத்ததும் கட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணாச்சி, எனக்கு மூக்கு கிடையாது."

கதவுக்குப் பின்னால் இரண்டு இருமல் கேட்டது. உடனே இன்னும் இரண்டு.

"ஏட்டி, இருமாத! சொல்லியாச்சு." அவர் கூட்டத்தைப் பார்த்தார். "காய்ச்சல்ல போன மூக்கு. பதினோரு வருசமா ஒரு வாசமும் தெரியாது."

"அப்போ எங்க வீட்டு நெய்யை மோந்தது?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"சங்கரம்மா."

பெத்துராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. "மூக்கு உள்ள ஊரே சந்தனங்குது. மூக்கு இல்லாதவரு சொல்லி நான் கட்டையைத் தூக்கிப் போடணுமோ?"

"மூக்கு உள்ளவுகளைத்தான் கட்டையை வித்தவன் மூக்கைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டான் அண்ணாச்சி. எங்கிட்ட பிடிக்கதுக்கு ஒண்ணுமில்லை. நடுவுல அறுத்து உள்ள மோந்து பாருங்க. சந்தனம்னா வெளிய விட உள்ளதான் மணக்கணும். மணந்துதுன்னா நான் இனிமே உளியைத் தொடலை."

பெத்துராஜ் யோசித்தார். ஞானபூரணம் யோசிக்கவில்லை. "அறுங்க" என்றாள்.

ரம்பவாள் கட்டைக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கியது. மைதீன் வெட்டுவாயில் மூக்கை வைத்தார். எடுத்தார். துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். "ஒண்ணுமே இல்லையே! வெளிய பூசின எண்ணெய்தான் அண்ணாச்சி நயம்."

ஞானபூரணம் இளையரசனேந்தல் பக்கத்தில் உழவு செய்கிற சம்சாரி வீட்டுப் பெண். வெட்டின இடத்து மஞ்சள் நிறத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஐயோ, இது மஞ்சணத்தியில்லா! எங்கப்பா நுகத்தடிக்கு வெட்டுத மரம். எங்க வயக்காட்டுல வரப்புக்கு வரப்பு நிக்கி."

பெத்துராஜ் இழைப்புப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்துச் சிரிக்கப் பயந்த தெரு, ஆசாரியைப் பார்த்துச் சிரித்துத் தீர்த்துக்கொண்டது. நெய் கொண்டுவந்தவர்கள் எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு கலைந்தார்கள். பெத்துராஜும் கட்டையை அங்கேயே போட்டுவிட்டு வண்டி ஏறினார். சந்தன வேலை இனி தன் வாசலுக்கு வராது என்று ஆசாரி முடிவு கட்டினார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. சங்கரம்மாள் அழுதாள்.

மறுநாள் காலையில் பெத்துராஜ் சலவை வேட்டியோடு வந்து நின்றார். "கிளம்பும் வே. மதுரையில சந்தனத்துக்கு லைசென்சு உள்ள கடை இருக்காம். ரயிலுக்கு நேரமாச்சு."

"நான் எதுக்கு அண்ணாச்சி?"

"என் மூக்கை நம்பி இனிமே நான் ஒரு குச்சி வாங்க மாட்டேன்."

மதுரைக் கடையில் கூட்டம். கடைக்காரர் ஒரு கட்டையை எடுத்துத் துணியால் துடைத்து, மரியாதையாக ஆசாரியின் மூக்குக்கு நேரே நீட்டினார். பழக்கதோஷத்தில் ஆசாரிக்குக் கண் மூடிக்கொண்டது. மூச்சை இழுக்கப் போனவர், கண்ணைத் திறந்து கட்டையைத் தள்ளினார்.

"எனக்கு மூக்கு கிடையாது" என்று கடை முழுக்கக் கேட்கிறாற்போலச் சொன்னார். "ஒரு உளி கொடுங்க."

கடைக்காரர் நீட்டின கட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய், வேறொரு கட்டையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார்.