நாத்தனார் கேட்ட மன்னிப்பு

சாரல் தொடங்கினால் என் நாத்தனார் குடும்பம் மதுரையிலிருந்து வேன் பிடித்துக் குற்றாலத்துக்கு வந்துவிடும். போகிற வழியில், தென்காசியில்தான் என் வீடு. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட வாசலை மிதித்ததில்லை. இந்த சீசனில் அருவியில் குளித்த ஈரத்தலையோடு நேராக என் கட்டிலருகே வந்து நின்றாள். பின்னால் நான்கு பேர். அதில் ஒருவன் தும்மிக்கொண்டே இருந்தான்.

எனக்கு ரத்தப் புற்றுநோய், வேகமாக முற்றுகிற வகை. வயது எழுபத்திரண்டு. வீட்டில் கூட்டம் கூடாது, சாதாரணக் காய்ச்சலே ஆளைக் கொண்டுபோய்விடும் என்று போன மாதம் டாக்டர் சொன்னார். என்னிடம் அதை மட்டும்தான் சொன்னார். மற்றதையெல்லாம் என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு என் மகனிடம் சொன்னார். வெளியே வந்தவன், "மருந்துலயே சரியாயிரும்மா" என்றான். உடம்பு என்னுடையது, சேதி அவனுக்கு. நானும் மக்கு மாதிரி நம்பினேன்.

நாத்தனார் என் கையைப் பிடித்தாள். "மைனி, பழச எல்லாம் மனசுல வச்சுக்கிடாதிய. நான் ஏதும் பேசியிருந்தா மன்னிச்சிருங்க."

என் கல்யாணப் பந்தியில் என்னைக் கருவாச்சி என்று சொல்லிச் சிரித்தவள். என் புருஷன் இறந்தன்றும் என்னோடு பேசாதவள். இவள் மன்னிப்புக் கேட்கிறாள் என்றால் நான் பிழைக்க மாட்டேன் என்று அர்த்தம். பகீரென்றது. பயம் அடங்குமுன்னே கோபம் வந்துவிட்டது.

"நான் நல்லா இருக்கும்போது கேட்டிருந்தா குடுத்திருப்பேன். இப்பம் தரமாட்டேன். தும்முதவனக் கூட்டிட்டு வெளிய போ" என்றேன். அழுதுகொண்டே போனாள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மகனைப் பிடித்தேன். "டாக்டர் என்னலே சொன்னாரு? முழுசாச் சொல்லு."

சொன்னான். கடுமையான கீமோ கொடுத்தால் நோய் அடங்க வாய்ப்பு உண்டு. ஆனால் இந்த வயதில் அந்த மருந்தே கொன்றுவிடலாம். லேசான மருந்து என்றால் பலருக்கு மாதக்கணக்குதான், சிலர் வருடம் தாண்டுவதும் உண்டு. நான் எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாதாம். லேசானதே போதும் என்று இவனே முடிவெடுத்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். மதுரைக்கும் போன் போட்டுச் சொல்லியிருக்கிறான். எனக்குத்தான் சொல்லவில்லை.

"நீ பயந்துருவேன்னுதாம்மா..."

கேட்டிருந்தால் நானும் லேசானதைத்தான் சொல்லியிருப்பேன். அதனால் ஆத்திரம் கூடியதே தவிரக் குறையவில்லை.

"இருக்கதே கொஞ்ச மாசம். அதுல ஒண்ண பொய் சொல்லியே தின்னுட்டியேலே" என்றேன்.