தாடி வளர்க்கும் ஊரில் ஒரு மொட்டை

நேற்று பேருந்தில் என்னருகே வந்து நின்ற முதியவரின் முகத்தில் பாதாம் சவர்க்கார வாசம். அதில் லயித்து, இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டு, இரண்டு தரிப்பு தள்ளி இறங்கி நடந்தேன்.

அந்த வாசம் எனக்கு நீனோவின் கடை. நான் பிழைக்க வந்த இந்த வெளிநாட்டு நகரத்தின் பழைய பகுதியான கால்சாவில், என் அறைக்கு எதிரே இருந்தது. ஒரு பக்கம் ஆண்களுக்குச் சவரம். மறுபக்கம் வாசனைத் திரவியங்கள், கண்ணாடி அலுமாரியில் தேவாலயச் சுரூபங்களைப் போல வரிசையாக. நாலு வருடம் அந்தக் கதவைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். உள்ளே போனதில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்தவன் என்ற எடுப்பெல்லாம் அந்தக் கதவடியில் காணாமற் போய்விடும். என் தலையைப் பல்கனியில் வைத்து வெட்டுபவர் அறைத்தோழர், மன்னார் அந்தோனி அண்ணை. "ஆடாதை தம்பி, காது போச்செண்டா பெர்மெசோவிலை படம் மாத்தோணும்" என்பார்; பெர்மெசோ என்றால் இங்கே வசிப்பதற்கான அனுமதிப்பத்திரம்.

இரண்டாயிரத்து ஆறு ஆடியில் அப்பா காலமானார். அண்ணை கோடை வேலைக்கு மொண்டெல்லோக் கடற்கரைப் பக்கம் தங்கியிருந்தார். நானோ பெர்மெசோவைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு, அதற்குத் தந்த பற்றுச்சீட்டோடு காத்திருந்தேன். போனால் திரும்பி வர முடியாது. மூத்த மகன் நான், கொள்ளி வைக்கவேண்டியவன். தம்பி வைத்தான். "நீ அங்கை மொட்டையெண்டாலும் அடி ராசா" என்றார் அம்மா தொலைபேசியில். அப்பாவுக்கு நான் செய்யக்கூடியதாக அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

மொட்டையடிக்க அண்ணை பக்கத்தில் இல்லை; நீனோவின் கதவைத் திறந்தேன். தலை முழுவதையும் வழிக்கவேண்டும் என்றதும், அங்கே காத்திருந்த பருத்த மனிதர் கேலியைத் தொடங்கிவிட்டார். அவர்களுடைய பேச்சை என் தமிழிலேயே சொல்கிறேன்.

"என்ன தம்பி, வெயில் தாங்கேல்லையோ? இல்லாட்டிப் பேனோ?"

"அப்பா செத்துப்போனார்." பாடம் ஒப்பிப்பவனைப்போல, அவர்கள் மொழியின் வினைச்சொல் பிழைக்காமல் சொன்னேன். அந்த நேரத்திலும் அதில் ஒரு சின்னப் பெருமை.

நீனோ கத்தியை மடித்துவிட்டார். "இஞ்சை தகப்பன் செத்தா ஒரு மாசம் முகத்திலை கத்தி படாது. என்ரை ஐயா போனபோது, கடைக்காரன் நானே தாடியோடை நிண்டனான். நீ வழிக்கச் சொல்லுறாய்?"

"எங்கடை முறை அதுதான்."

"ஆர் பாக்கப்போகினம்?" என்றார் பருத்தவர்.

"ஒருத்தருமில்லை."

நீனோ ஒரு துண்டை உதறி என் தோளில் போர்த்தினார். பிறகு கத்தியை விரித்தார். வழித்து முடிந்ததும் பழக்கத்தில் கை வாசனைக் குப்பிக்குப் போய், பாதியில் நின்றது. துக்கக்காரனுக்கு வாசனை ஆகாது என்பதில் இரண்டு ஊருக்கும் ஒரே எண்ணம்போல. வெறும் தண்ணீரால் துடைத்துவிட்டு, "ஐயாவுக்கு என்ன பேர்?" என்றார்.

"கந்தையா."

"கந்தாய்யா," என்று மெதுவாகச் சொன்னார். பருத்தவர் எழுந்து தொப்பியைக் கழற்றினார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அழுத வெட்கத்தில் மறுபடி அங்கே போகவில்லை. எதிர்ப்பக்கத்து நடைபாதையால் போய்வந்தேன். எத்தனை முட்டாள்தனம். அண்ணை லண்டனுக்குப் போய்விட்டார். நீனோவின் கடையில் இப்போது கைபேசிக்கு உறை விற்கிறார்கள். அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லமாட்டார். எனக்கும் சொல்லிப் பழக்கமில்லை. இந்த நகரத்தில் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்ன மனிதர் எங்கே போனார் என்று கேட்க, அந்தத் தெருவில் பழைய ஆட்கள் ஒருவருமில்லை.